பழையன வாங்கலும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. அந்தக் கந்தை முதலில் யாருடையதாக இருந்தது என்று பழமொழி கேட்கவில்லை. பிறர் உடுத்திய துணியைக் காசு கொடுத்து வாங்கி உடுத்துகிறவள் நான். ஓராண்டுக்கு முன்பு இதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டேன். இன்று கல்லூரி மலரிலேயே எழுதத் துணிந்துவிட்டேன்!

என் ஊர் கிளியனூர். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளி. அரசு தந்த சீருடையில் கூலிக்காரர் மகளும் கடைக்காரர் மகளும் ஒன்றாகவே தெரிந்தோம். கல்லூரிக்கு வந்த பிறகுதான் வாரத்திற்கு ஐந்து நாள் என்பது எவ்வளவு நீளம் என்று புரிந்தது. வெளியே உடுத்த என்னிடம் இருந்தவை இரண்டு சுடிதார்கள். “திங்கட்கிழமை போட்டதுதானே இது?” என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்று நானே அஞ்சி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.

2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வந்தது. ரெக்கார்டு நோட்டுக்கும் சாப்பாட்டுக்கும் போக மிஞ்சியது சொற்பம். அப்போது மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் தம் ஆய்வகக் கோட்டை 80 ரூபாய்க்குத் தந்தார். வலது கைப் பக்கம் அமிலம் தெறித்த மூன்று ஓட்டைகள். அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும் என்பதை எந்த நூலையும் விட அந்த ஓட்டைகள் எனக்கு நன்றாகக் கற்பித்தன.

அந்தத் துணிவில் புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய துணிக் குவியலில் தேடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அக்குள் தையலை இழுத்துப் பார்த்து, பேரம் பேசி, 240 ரூபாய்க்கு மூன்று சுடிதார்கள் வாங்கினேன். வீட்டில் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டேன்.

கொடியில் கண்டதும் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, நாங்க ஊரான் பழசைக் கட்டினது போதாதா? நீயுமா?” என்றார். அன்றிரவு அம்மா சொன்னார்: சிறு வயதில் அப்பா, வேலை செய்த வீட்டின் வாசலில் பொங்கலுக்குப் பொங்கல் கைகட்டி நின்று, அவர்கள் போட்டுக் கழித்த சட்டையை வாங்கி வருவாராம். அப்பாவின் கண்ணுக்கு என் சுடிதார் தெரியவில்லை. அந்த வாசல்தான் தெரிந்திருக்கிறது.

மறுநாள் அப்பாவிடம் சொன்னேன்: “அது அவங்க கொடுத்ததுப்பா. இது நானே பார்த்து, விலை பேசி வாங்கினது. ‘வாம்மா, எடுத்துப் பாரு’ன்னு கடைக்காரர் கூப்பிட்டாரு.” அப்பா பதில் பேசவில்லை.

நண்பர்களே, இதில் நான் கண்ட நன்மைகள் பல. சுருங்க வேண்டியது முன்பே சுருங்கியிருக்கும். போக வேண்டிய சாயம் போயிருக்கும். சுருக்கம் விழாமலிருக்கப் புதுத்துணியில் ஏற்றும் பிசின்கள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு. பலமுறை துவைத்த துணியில் அது குறைந்திருக்கும். மிச்சப் பணத்தில் இரண்டு பாடநூல்கள் வாங்கினேன், அவையும் பழையவையே!

நன்மை எனக்கு மட்டுமன்று. ஒரு பருத்திச் சட்டைக்குச் செடி வளர்வது முதல் சாயம் ஏறுவது வரை உலகச் சராசரியாகச் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. சாயக் கழிவு நொய்யல் ஆற்றைக் கெடுத்த கதையும், 2011ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதும் வேதியியல் மாணவர்கள் மறக்கக் கூடாதவை.

ஆனால் ஒன்று. பழையது என்பதாலேயே எதையும் பிறர் தலையில் கட்டக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களுக்கு வந்த பழைய துணிகளில் ஏராளமானவை எவரும் தொடாமல் சாலையோரம் குவிந்து கிடந்தன. துணி இல்லாதவருக்கும் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு. சந்தையில் எனக்குக் கிடைத்தது அந்த உரிமைதான்.

சென்ற தீபாவளிக்கு அப்பா ஒரு புதுச் சுடிதார் வாங்கி வந்தார். “மத்த நாளுக்கு உன் இஷ்டம். பண்டிகைக்குப் புதுசுதான்” என்றார். நான் வாதாடவில்லை. அடுத்த வாரமே, “வயலுக்குப் போட ஒரு முழுக்கைச் சட்டை உன் சந்தையில கிடைக்குமா?” என்று கேட்டார். அளவு எடுத்துக்கொண்டு போனேன். இப்போது நான் முன் பெஞ்சில் உட்காருகிறேன்.