அழுகண்ணியும் மந்திரித்த நீரும்

தாம்பரம் சானடோரியம் இரயில் நிலையத்திற்கு அருகே, ஜி.எஸ்.டி. சாலையையொட்டிய ஓர் அலுவலகத்தை மந்திரிப்பதற்காகச் சென்ற மழைக்காலத்தின் இறுதியில் போயிருந்தோம். கணக்கு எழுதித் தரும் சிறு நிறுவனம் அது. நம் பங்குச் சகோதரர் ஒருவருடையது. சன்னல் இல்லாத உள்ளறையில், கணிப்பொறிகளுக்கு மேலே ஒரு பலகைத் தட்டு. அதில் இரண்டு எல்.இ.டி. குழல்விளக்குகள். அவற்றின் கீழே, நீர் நிரம்பிய தாம்பாளத்தில் பத்துப் பன்னிரண்டு சிறு தொட்டிகள்.

செபத்தை முடித்து, தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த நாம் அத்தட்டை நோக்கியும் கையை உயர்த்தினோம். "சுவாமி, மன்னிக்க வேண்டும். அதற்கு மட்டும் வேண்டாம்!" என்று பதறித் தடுத்தார் அவர். மந்திரித்த நீருக்கு அஞ்சும் செடியும் உலகில் உண்டோ எனத் திகைத்தோம்.

காரணம் கேட்டபின் நமக்கே சிரிப்பு வந்தது. தீர்த்தத்தில் உப்புக் கலக்கும் பழைய வழக்கத்தை நாம் இன்னும் விடவில்லை. நீரோ ஆழ்துளைக் கிணற்று நீர். இவ்விரண்டும் அச்செடிக்கு நஞ்சாம். மாடியில் பிடித்து வைத்த மழைநீரையே அவர் ஊற்றுகிறார். அது தீர்ந்தால், பாட்டரிக்கு ஊற்றும் வடிநீர். உரமும் ஆகாது.

அவை அழுகண்ணிச் செடிகள். ரூபாய் நாணயமளவே அகலம். தரையோடு தரையாய்ப் படர்ந்த செந்நிற இலைகள். இலையெங்கும் மெல்லிய மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணீர்த் துளிபோல் ஒரு பசைத்துளி. தேன் என்று நம்பி வரும் சிறு பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். ஓரத்து மயிர்கள் சில நொடிகளில் உள்நோக்கி வளைந்து அதைப் பற்றும். பிறகு இலை அதைச் சீரணித்துக்கொள்ளும். சத்தில்லாத ஈரச் சரளை மண்ணில் பிறந்த செடிக்கு வேரால் கிடைக்காத நைதரசனை இறைவன் இவ்வழியே ஊட்டுகிறார். இவ்வகைச் செடிகளைப் பற்றி 1875-இல் டார்வின் ஒரு முழு நூலே எழுதினார்.

விளக்குகள் நாளொன்றுக்குப் பதினான்கு மணி நேரம் எரிகின்றன. ஒளி குறைந்தால் செந்நிறம் வெளுத்துப் பசைத்துளியும் வற்றிவிடுமாம். ஆகவே ஒரு சாண் உயரத்திலேயே விளக்கைக் கட்டியிருக்கிறார்.

"இது எங்கிருந்து கிடைத்தது?" என்றோம். சகோதரரின் முகம் வாடியது. சில ஆண்டுகளுக்கு முன், வண்டலூருக்கு அப்பால் சாலையோரச் சரிவில், மழைக்குப்பின் ஒரு செடியைக் கண்டு பெயர்த்து வந்தாராம். அன்போடு எருவிட்டுக் கிணற்று நீரூற்றினார். பத்தே நாளில் மடிந்தது. மறு மழைக்குச் சென்றபோது அவ்விடம் மனைகளாகி, சுற்றுச்சுவர் எழுந்திருந்தது. "நான் பிடுங்கியதுதான் அங்கிருந்த கடைசிச் செடியோ, சுவாமி?" என்றார். பின்னரே வேறொருவர் வளர்த்த செடியின் விதைகளை வாங்கி முளைக்க வைத்திருக்கிறார்.

அவருக்கு ஆறுதல் சொல்ல வாயெடுத்தோம், சொல் வரவில்லை. சென்ற ஆண்டு நம் ஆலய முற்றத்திற்குச் சிமெண்டுக் கல் பாவினோம் அல்லவா? அங்கே ஈரமண்ணில் மழைதோறும் செந்நிறப் பொட்டுகள் தோன்றியதை நாம் கண்டதுண்டு. பாசி என்றெண்ணி மிதித்து நடந்தோம். இத்தனைக்கும் நம் குருக்களில் ஒருவர், இயேசு சபைத் தந்தை கே. எம். மத்தேயு, 1967-இல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் இராபினா உலர்தாவரகத்தை நிறுவி, தமிழகத்தின் செடிகொடிகளை ஊர் ஊராய்த் திரட்டி, 1981 முதல் 1988 வரை பெருந்தொகுதிகளாக வெளியிட்டவர். அவர் குனிந்து பார்த்தார். நாம் நிமிர்ந்தே நடந்தோம்.

கெபிக்குப் பின்னால் இரண்டு சென்ட் நிலம் இன்னும் கல் பாவாமல் இருக்கிறது. திருவிழாவிற்குள் அதையும் முடித்துவிடுவதாகத் திட்டம். அதை விட்டுவிடும்படி பங்குப் பேரவையைக் கேட்டுக்கொண்டோம். "மழைக்காலத்தில் காலெல்லாம் சேறாகுமே, சுவாமி" என்றார் ஒரு பெரியவர். உண்மைதான். ஆலய வாசலில் ஒரு குழாயும் வாளியும் வைக்கச் சொல்லியிருக்கிறோம்.

அன்பர்களே, வரும் ஐப்பசி மழைக்குப்பின் பிள்ளைகளோடு அங்கே வாருங்கள். குனிந்து தேடுவோம். இருந்தால் இறைவனுக்கு நன்றி கூறுவோம், பிடுங்காமல் திரும்புவோம்.