தாளில் விட்ட இடம்

ஆடை அணிகளைக் காட்டும் இதழ் என்றதும், பொழுதுபோக்கும் பகட்டும்தானே என்று புறந்தள்ளுவோர் உண்டு. அத்தகைய இதழின் பக்கங்களை அமைத்துவருமாறு ஓர் ஓவியப் பள்ளி தன் மாணவர்களைப் பணித்தால், அதிலே கற்பதற்கு என்ன இருக்கிறது என்றும் அவர்கள் கேட்கக்கூடும். அலெக்சி புரோடோவிச் என்பாரின் வகுப்பறையை அறிந்தோர் அவ்வாறு கேட்கமாட்டார்கள்.

1898இல் உருசியாவில் பிறந்து, புரட்சிக்குப் பின் பாரிசில் ஏதிலியாக வாழ்ந்தவர் அவர். 1930இல் கற்பிக்கும் பணியேற்று அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு வந்தார். 1933இல் அங்கே 'வடிவமைப்பு ஆய்வுக்கூடம்' என்னும் வகுப்பைத் தொடங்கினார். மறு ஆண்டே 'ஹார்ப்பர்ஸ் பசார்' இதழின் ஆசிரியை கார்மெல் ஸ்னோ அவரைக் கலை இயக்குநராக அமர்த்திக்கொண்டார். 1958 வரை அப்பொறுப்பில் இருந்த காலத்திலும் அவர் கற்பித்தலைக் கைவிடவில்லை.

பக்கம் அமைக்கப் புகும் மாணவனை முதலில் பற்றிக்கொள்வது வெறுமையைப் பற்றிய அச்சம். நான்கு படங்கள் கிடைத்தால் நான்கையும் இட்டு, எஞ்சிய மூலையில் ஒரு கோட்டையாவது வரைந்து நிரப்பினால்தான் அவன் மனம் அமைதியுறும். புரோடோவிச்சின் பக்கங்களோ இதற்கு நேர் எதிரானவை. எதிரெதிராக விரியும் இரு பக்கங்களை அவர் ஒரே களமாகக் கண்டார். ஒரு புறத்தே உருவம் ஒன்று, சிறிதளவு எழுத்து, மற்றதெல்லாம் வெண்மை. அந்த வெண்மை எஞ்சிய இடமன்று. பார்ப்பவர் கண்ணை உருவத்திடம் அழைத்துச் செல்லும் வழி. எழுத்துப் பத்தியையும் படத்தின் சாய்வுக்கு இசைய வளைத்துவிடுவார். அருமையான புகைப்படமாயினும் வெட்டிச் சுருக்கத் தயங்கமாட்டார். தான் விரும்பிய படத்தின் மீது தானே கத்தரி வைப்பது மாணவனுக்கு எத்துணை வேதனை!

ஒரு பக்கத்தோடு வேலை முடிவதில்லை. ஒரே படத்தைப் பல அளவுகளில் நகலெடுத்து, பக்கங்களைத் தரையிலே வரிசையாகப் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். பெரிய உருவத்தின் பின் சிறியது வரலாம். நெருக்கத்தின் பின் வெளி வரலாம். இதழைப் புரட்டுபவர் உணரும் ஓட்டம் அந்தத் தரையில்தான் உருவாயிற்று. இக்காலத்து மாணவர் கணினித் திரையில் ஒரு நொடியில் படத்தை நகர்த்திவிடுகின்றனர். ஆயினும் திரை காட்டுவதோ பெரும்பாலும் ஓர் இணைப் பக்கம் மட்டுமே. பக்கங்களைச் சிறிதாக அச்சிட்டுத் தரையில் பரப்பிப் பார்க்கச் சொல்லும் ஆசிரியர், நல்ல ஆசிரியர்.

வகுப்பில் அவர் விதிகள் எதனையும் ஓதவில்லை. மாணவர் கொணர்ந்த வேலையை எல்லார் முன்னிலையிலும் வைத்து ஆராயச் செய்தார். 'என்னை வியக்கச் செய்யுங்கள்' என்பதே அவரது கட்டளை. அச்சொல்லை அவர் உருசிய நடனக் குழுவை நடத்திய தியாகிலெவிடமிருந்து பெற்றார். முன்பே கண்டதைத் திரும்பக் காட்டினால் அவர் முகம் சுளிப்பார். ஆசிரியரின் பாணியைப் பின்பற்றி நற்பெயர் பெறலாம் என்று எண்ணியவர்க்கு அங்கே இடமில்லை. அவரது கடுஞ்சொல் பலரைக் காயப்படுத்திற்று. எல்லா உள்ளத்திற்கும் அது உரமாகும் என்று சொல்வதற்கில்லை. வாடிப்போன பயிர்களைப் பற்றி வரலாறு அதிகம் பேசுவதில்லை.

தழைத்தவர்களை நாடறியும். பிலடெல்பியாவில் பயின்ற இர்விங் பென், 1940களில் அவர் வகுப்புக்கு வந்த ரிச்சர்ட் அவெடன் ஆகிய இருவரும் புகைப்படக் கலையின் முன்னோடிகளாயினர். மாணவியான லிலியன் பாஸ்மன், 'ஜூனியர் பசார்' இதழின் பக்கங்களை அமைக்கும் பொறுப்பை ஏற்றார். மூவரின் வேலையும் ஒன்றுபோல் இல்லை என்பதை அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்போர் எளிதில் உணர்வர்.

1950இல் பிராங்க் சகாரி என்பாருடன் சேர்ந்து புரோடோவிச் 'போர்ட்போலியோ' என்னும் கலையிதழைத் தொடங்கினார். பக்கங்களின் அழகு கெடும் என்று அதில் விளம்பரங்களுக்கு இடமளிக்கவில்லை. செலவு தாங்காமல் மூன்றே இதழ்களுடன் 1951இல் அது நின்றது. வடிவமைப்புப் பயிலும் மாணவர் இன்றும் அம்மூன்றையும் தேடிப் பார்க்கின்றனர்.