எஞ்சி நிற்கும் மாறிகள்

கணினி விஞ்ஞானபீடத்தாருக்கே உரியது என்று ஒதுங்கி நிற்கும் உரிமையைப் புவியியல் பயில்வோர் இழந்து நெடுங்காலமாயிற்று. நாளாந்த மழைவீழ்ச்சியைக் கூட்டிப் பார்ப்பதற்கும் இன்று எமக்கு ‘மட்லாப்’ போன்றதொரு மென்பொருள் வேண்டியிருக்கிறது. எம்மிடையே மூத்த மாணவரிடமிருந்து இளையோருக்குக் கைமாறி வரும் செய்நிரல் ஒன்றுண்டு. அதனை எழுதியவர் எவரென்று இன்று சொல்வாரில்லை. ஓர் ஆண்டின் மழையை நாள்நாளாக வாசித்து, ஓர் அணியில் ஒன்றன்பின் ஒன்றாக இட்டு, ஈற்றில் மொத்தத்தையும் சராசரியையும் தருவது அதன் தொழில்.

2020ஆம் ஆண்டுக்கு அதனை இயக்கியபின், மென்பொருளை மூடாமலே 2021ஆம் ஆண்டுக்கும் இயக்கினால் ஒரு விந்தை நிகழும். 2020 லீப் ஆண்டு; அதற்கு 366 நாள்கள். 2021இன் 365 எண்களும் பழையவற்றின்மேல் எழுதப்படும். 366ஆம் இடத்திலோ 2020 டிசெம்பர் 31இன் மழை அப்படியே கிடக்கும். மொத்தம் அதனையும் சேர்த்தே கூட்டப்படும். சராசரி 366ஆல் வகுக்கப்படும். வழுச்செய்தி எதுவும் தோன்றாது. அன்று மழை பெய்யாதிருந்தால் மொத்தம் சரியாகவே அமைந்து குறையை மறைத்துவிடும் என்பது இதனிலும் கொடிது. வடகீழ்ப் பருவமழைக் காலத்து ஒருநாள் மழை, வடபகுதியின் ஆண்டுக் கணக்கிலே புறக்கணிக்கத்தக்கதன்று. கையால் கூட்டிப் பார்த்த சகமாணவி ஒருத்தியே இதனை முதலிற் கண்டாள். ஆய்வேட்டின் அட்டவணையில் ஏறிவிட்ட எண்ணை மீளக் கூட்டிப் பார்ப்போர் அரியர்.

இதற்குக் காரணம் அச்செய்நிரல் ‘ஸ்கிரிப்ட்’ வடிவில் இருந்தமையே. ஸ்கிரிப்டுக்குத் தனக்கென ஓர் இடமில்லை. கட்டளைகளை நாம் நேரே தட்டச்சுச் செய்யும் பொதுவான பணிவெளியிலேயே அதுவும் எழுதுகிறது. முன்னைய விரிவுரையாளர் அழிக்காது சென்ற கரும்பலகையில் அடுத்தவர் எழுதத் தொடங்குவது போல. அது முடிந்த பின்னும் அதன் மாறிகள் யாவும் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. நாள்களை எண்ணுவதற்கு ‘ஐ’ என்ற எழுத்தைக் கொண்டால், கற்பனை அலகைக் குறிக்க அம்மென்பொருள் வைத்திருந்த அதே ‘ஐ’ பின்னர் 365 ஆகிவிடும். எமக்குச் சிக்கலெண்களோடு உறவு குறைவு. ஆகவே இது பௌதிகம் பயில்வோரின் கவலை.

சார்பு வேறுவகையானது. அழைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அதற்கு வெறுமையான தனிப் பணிவெளி கிடைக்கிறது. நாம் கொடுத்ததை மாத்திரமே அது அறியும்; விளைவென்று பெயர் குறித்ததை மாத்திரமே திருப்பித் தரும். பணி முடிந்ததும் ஏனைய மாறிகள் மறைய, அவை கொண்டிருந்த நினைவகமும் விடுபடும். ‘குளோபல்’, ‘பெர்சிஸ்டன்ற்’ என அறிவிக்கப்பட்டவை இதற்கு விலக்கு.

பெரியதொரு தாயத்தைச் சார்பிற்குக் கொடுத்தால் நினைவகத்தில் அது இரட்டிக்கும் என்று அஞ்சுவோர் உளர். 1000 நிரைகளும் 1000 நிரல்களும் கொண்ட தாயம், எண்ணொன்றுக்கு 8 பைற்றாக 80 இலட்சம் பைற்றுகளைக் கொள்ளும். ஆயினும் சார்பு அதன் உறுப்பொன்றை மாற்றும்வரை பிரதி எடுக்கப்படுவதில்லை. வாசிப்பதற்கு மாத்திரமாயின் அந்த அச்சம் வேண்டியதில்லை.

ஸ்கிரிப்டின் தலைப்பிலே ‘கிளியர்’ என்று எழுதிவிட்டாற் போதாதா என்பர் சிலர். எஞ்சிய மழை அழியும் என்பது உண்மையே. அதனோடு, வேறொரு வேலைக்காகக் காலைமுதல் நாம் சேர்த்துவைத்த மாறிகளும் அழியும். இதனைப் பரிகாரமாகக் கொள்ள நான் ஒருப்படேன்.

அதற்காக ஸ்கிரிப்டை முற்றாக விலக்கவும் மனம் வரவில்லை. புதிய தரவொன்றை ஆராயும்போது ஒவ்வொரு படியின் விளைவும் கண்முன் கிடப்பது பேருதவி. சார்பினுள் நடப்பதைக் காண்பதாயின் அதனை இடையில் நிறுத்தியே பார்க்கவேண்டும். கூட்டும் பகுதியை இப்போது சார்பாக மாற்றிவிட்டோம். ஆண்டுகளை எந்த ஒழுங்கில் இயக்கினாலும் 2021 ஒரே விடையைத் தருகிறது. அச்சார்பை அழைத்து வரைபடம் வரையும் ஆறு வரிகள் மாத்திரம் ஸ்கிரிப்டாகவே கைமாறுகின்றன.