பட்ஜெட்டைக் குறை சொல்லாதீங்க பாஸ்

இந்த செமஸ்டர் லீவுல நான் உருப்படியா செஞ்ச ஒரே வேலை, பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸா நடிச்ச 14 படங்களையும் வரிசையா பார்த்து முடிச்சதுதான். 1939-ல ஆரம்பிச்சு 1946-ல முடிஞ்ச சீரிஸ். முதல் ரெண்டும் ஃபாக்ஸ் கம்பெனி படங்கள். மீதி 12-ம் யுனிவர்சல் ஸ்டுடியோ குறைஞ்ச செலவுல, வருஷத்துக்கு ரெண்டு மூணுன்னு எடுத்துத் தள்ளினது.

ஒரு படம் அசத்தல், அடுத்தது கொட்டாவி. "லோ பட்ஜெட்னா அப்படித்தான்டா"ன்னு ரூம்மேட் ஒரே வரியில முடிச்சுட்டான். ஆனா நல்ல படமும் அதே சின்ன பட்ஜெட்டுக்குள்ளதானே வந்திருக்கு?

ரெண்டு படத்தை எடுத்துக்குவோம். (கதை தெரியக்கூடாதுன்னா இங்கேயே நிறுத்திடுங்க.) 1944-ல வந்த 'தி பேர்ல் ஆஃப் டெத்', 1946-ல வந்த கடைசிப் படம் 'டிரெஸ்ட் டு கில்'. ரெண்டுக்கும் டைரக்டர் ராய் வில்லியம் நீல். வாட்சனும் அதே நைஜல் புரூஸ்தான். கதையோட எலும்புக்கூடுகூட ஒண்ணுதான்: பார்க்க ஒரே மாதிரி இருக்கிற பொருள்கள் ஆளுக்கொரு வீட்டுல சிதறிக் கிடக்கு, ஹோம்ஸும் வில்லன் கோஷ்டியும் அதைத் தேடி ஓடுறாங்க. முதல் படத்துல ஆறு நெப்போலியன் சிலை, அதுல ஒண்ணுக்குள்ள முத்து. அடுத்ததுல மூணு மியூசிக் பாக்ஸ், அதோட ட்யூன்ல ரகசியக் குறிப்பு.

அப்புறம் ஏன் முதல் படம் மட்டும் நம்மளைக் கட்டிப் போடுது? முத்து திருடு போகக் காரணமே ஹோம்ஸ்தான்! மியூசியத்தோட அலாரத்தை எவ்வளவு ஈஸியா ஏமாத்தலாம்னு காட்ட, அவரே கெத்தா அதை ஆஃப் பண்றார். அந்த கேப்ல திருடன் கை வச்சுடுறான். அதுக்கப்புறம் விழுற ஒவ்வொரு பிணமும் அவர் கணக்குல ஏறுது. மானம் போச்சு, ஜெயிச்சே ஆகணும்.

'டிரெஸ்ட் டு கில்' படத்துல அந்தப் பாரம் இல்லை. வாட்சனோட பழைய நண்பரைக் கொல்றாங்க, ஆனா படமே அதைச் சீக்கிரம் மறந்துடுது. புதிர் நல்ல புதிர்தான். அது அவிழாம போனா ஹோம்ஸுக்கு என்ன நஷ்டம்? பேங்க் ஆஃப் இங்கிலாந்துக்குத்தான் நஷ்டம்.

நம்ம கல்ச்சுரல்ஸ் ஷார்ட் ஃபிலிம் டிஸ்கஷன்ல கேமரா வாடகை, லைட், ட்ரோன்னு பேசியே விடிஞ்சுடுது. ஹீரோ தோத்தா அவனுக்கு என்ன போகும்னு யாரும் கேக்கிறதில்லை. அடுத்த தடவை முதல்ல அதைக் கேட்டுப் பாருங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்லை.