சிகியில் ஓரா

இரண்டு விமானம் மாறி வந்து, மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் கிடக்கிறது ஓரா மீன். எனக்கு முகம் விழுந்துவிட்டது. வாயில் பெயர் நுழையாத ஏதாவது ஒரு மீனைத் தின்றுவிட்டு ஊரில் போய்ப் பீற்றிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

“இதுக்கு நான் நம்ம ஊரு மண்டபத்துலயே இருந்திருக்கலாமே.”

“நம்ம ஓரா இல்ல மாமா. அதோட பங்காளி. செங்கடல்லேர்ந்து வந்தது” என்றாள் அக்கா மகள்.

அவள் கடல் ஆராய்ச்சிக்காரி. சைப்ரஸ் தீவைச் சுற்றியுள்ள கடலடிப் பாறைகளில் என்ன முளைக்கிறது, அதை யார் வந்து மேய்கிறார்கள் என்று கணக்கெடுப்பதுதான் அவள் பிழைப்பு. “ஒரு தடவை வந்து பாருங்களேன்” என்று மூன்று வருடமாகக் கூப்பிட்டாள். நீலக் கடலோரம் காலை நீட்டிப் படுத்திருக்கலாம் என்ற ஆசையில் கிளம்பினேனே தவிர, பாசியைப் பற்றித் தெரிந்துகொள்ளும் ஆர்வம் எனக்குக் கடுகளவும் இல்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தின் பெயர் சிகி. லார்னக்காவுக்கும் லிமசோலுக்கும் நடுவே உள்ள சின்னத் துறை. ஒரு காலத்தில் இங்கிருந்து கேரப் என்ற இனிப்பு நெற்றைக் கப்பல் கப்பலாக ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது வரிசையாக மீன் உணவகங்கள்.

உணவகத்தின் பின்வாசலில் நறுக் நறுக் என்று சத்தம் கேட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். கடைக்காரரின் அம்மா, எழுபதைத் தாண்டியிருக்கும். பிளாஸ்டிக் தொட்டி நிறைய ஓரா. கத்தரிக்கோலால் முதலில் முதுகு முள்ளை நறுக்குகிறார், பிறகு மீனைப் புரட்டி அடிமுள்ளை. முதுகில் பதின்மூன்று, அடியில் ஏழு, அத்தனையிலும் விஷம். குடலைக் கிழியாமல் முழுசாக உருவி எறிகிறார். என் அம்மாவும் இப்படித்தான் எடுப்பாள். குடல் கிழிந்தால் கறி முழுக்க அழுகிய தழை நாற்றம் ஏறிவிடும்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குக் கிரேக்கம் தெரியாது. என் வலது கட்டைவிரலைக் காட்டி, முள் குத்திய மாதிரி துள்ளி நடித்தேன். பன்னிரண்டு வயதில் வலை உதறப் போய் வாங்கிய குத்து அது. பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, அதில் கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அன்று நான் போட்ட கத்தலைப் பெரியப்பா சாகும்வரை சொல்லிச் சிரித்தார். கிழவி கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அங்கேயும் ஒரு தழும்பு. சைப்ரஸில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அவர்தான்.

அவர் சொன்ன பெயர் குர்குனா. கிரேக்கத் தீவுகள் சிலவற்றில் இதே மீனை ‘கெர்மனோஸ்’, அதாவது ஜெர்மன்காரன், என்கிறார்களாம். துருக்கியில் ‘சோகார்’, கொட்டுகிறவன். எனக்கு அந்தத் துருக்கிப் பெயர் பிடித்திருந்தது. பட்டவன் வைத்த பெயர். நம் பங்குக்கு நாமும் ஒன்று கொடுத்திருக்கிறோம். பழைய மீன் நூல்களில் இந்தக் குடும்பத்து மீன் ஒன்றுக்கு ‘சிகானஸ் ஓரமின்’ என்று லத்தீன் பெயர் உண்டு. மெல்லச் சொல்லிப் பாருங்கள், நம் கரைதான் கேட்கும்.

மேசைக்குத் திரும்பியதும் சண்டை தொடங்கியது. ஓராவை ‘அந்நிய ஆக்கிரமிப்பு இனம்’ என்றாள் அக்கா மகள். எனக்குச் சுருக்கென்றது.

அவள் சொன்ன கதை இது. 1869-ல் சூயஸ் கால்வாயைத் திறந்தார்கள். இரண்டு கடலும் இணைந்தன. உடனே மீன்கள் வந்துவிடவில்லை. வழியில் இருந்த கசப்பு ஏரிகளின் அடியில் கட்டி உப்பு. அந்த உப்புநீரைத் தாண்ட முடியாமல் பலவும் நின்றுவிட்டன. உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக் கரைய வழி திறந்தது. 1960-களில் அஸ்வான் அணையில் தண்ணீரைத் தேக்கிய பிறகு நைல் வெள்ளம் கடலுக்கு வருவது நின்றது. கால்வாய் வாய்க்கு மேற்கே இருந்த நன்னீர்த் தடுப்பும் அதோடு போயிற்று. இப்படி வந்தவர்களுக்குக் கால்வாயை வெட்டிய லெஸெப்ஸின் பெயரை வைத்து ‘லெஸெப்ஸிய’ இனங்கள் என்று பெயர். ஓராவில் இரண்டு இனம் வந்து சேர்ந்திருக்கிறது. ஒன்று 1920-களிலேயே பாலஸ்தீனக் கரையில் பதிவானது, மற்றது 1950-களில்.

“நூறு வருஷம் ஆச்சு. அந்தப் பாட்டி பிறக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கடலுக்கு வந்துட்டுது. இன்னும் அந்நியமா? எத்தனை தலைமுறை வாழ்ந்தா ரேஷன் கார்டு தருவீங்க?”

“மாமா, இது அரசியல் இல்ல.”

“நீ மட்டும் யாரு? விசா புதுப்பிக்க வரிசையில நிக்கறவதானே?”

“நான் யாரு சோத்தையும் பிடுங்கித் தின்னல” என்றாள். அதோடு பேச்சு நின்றது. மீனை மட்டும் தின்றோம். முறுகப் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, உப்பைத் தவிர வேறெதுவும் போடாமல். மிளகாய் இல்லாமல் ஓரா இவ்வளவு ருசிக்கும் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கோபத்தில் இருந்ததால் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, சமாதானமா தண்டனையா என்று தெரியவில்லை, கேப் கிரேக்கோ பாறைக்கரைக்குக் கூட்டிப் போய் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்தாள். தண்ணீரைப் பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் மேல் வெட்கம் வந்தது. பாக் நீரிணையில் முழங்காலளவு தண்ணீரில் நின்றால் பாதம் தெரியாது. இங்கே ஆழத்தில் கிடக்கும் கல்லின் வெடிப்பு தெரிகிறது.

“கண்ணாடி மாதிரி இருக்கு.”

“உள்ள ஒண்ணும் இல்லாததாலதான் கண்ணாடி மாதிரி இருக்கு. நம்ம கலங்கல்ல சோறு இருக்கு மாமா.”

மத்தியதரைக் கடலின் இந்தக் கிழக்குப் பகுதி உலகத்தின் மிக ஏழைக் கடல்களில் ஒன்று. உப்பு மட்டும் அதிகம்: லிட்டருக்கு ஏறத்தாழ 39 கிராம், பெருங்கடல்களில் 35. பயிருக்கு உரம் போல் கடலுக்கு வேண்டிய பாஸ்பரஸ் இங்கே மிகக் குறைவு. 2002-ல் ஆராய்ச்சியாளர்கள் சைப்ரஸுக்குத் தெற்கே கப்பலில் போய்க் கடலில் பாஸ்பேட் கலந்து பார்த்தார்களாம். நுண்பாசி பெருகி நீர் பச்சையாகும் என்று காத்திருந்தார்கள். பச்சையம் குறைந்துதான் போயிற்று. பாக்டீரியா பெருகியது, நுண்ணிறால் போன்ற சிற்றுயிர்களின் முட்டை பெருகியது. போட்ட உரம் இலையில் தங்காமல் நேரே வயிற்றுக்குப் போயிருக்கிறது. அவ்வளவு பசி. எங்கள் கலங்கலைப் பற்றிய வெட்கம் எனக்கு அந்தக் கரையிலேயே தீர்ந்தது.

உள்ளே இறங்கினோம். அவள் இருபத்தைந்து மீட்டர் நாடாவை விரித்து, அதன் இருபுறமும் வரும் மீன்களைப் பலகையில் எண்ணிக் குறித்துக்கொண்டே நீந்தினாள். நான் பாறையைப் பார்த்தேன். மொட்டை. சுண்ணாம்பு சுரண்டிய சுவர் போல வெளிறிய கல், அங்கங்கே இளஞ்சிவப்புப் படலம். காடு போல் பாசி அடர்ந்திருக்க வேண்டிய இடம் என்று முந்தின நாள் படத்தில் காட்டியிருந்தாள்.

அப்போது வந்தது கூட்டம். நாற்பது ஐம்பது ஓரா, தலையைக் கவிழ்த்து, முயல் வாயைக் குவித்து, கல்லைக் கொறித்துக்கொண்டே நகர்ந்தன. சின்ன வயதில் எங்கள் மாமாவின் நாற்றங்காலில் ஆடு புகுந்த காலை நினைவுக்கு வந்தது. அன்று ஆட்டுக்காரன் பக்கம் பேச ஒருவரும் இல்லை.

கரையேறித் துவட்டிக்கொள்ளும்போது மீதியைச் சொன்னாள். இந்தக் கடலின் சொந்த மீன்களில் பெரும்பாலும் தழை தின்று வாழ்பவை இரண்டுதான்: சல்பா என்ற மீன், ஒரு கிளிமீன். அவற்றின் வாய்க்கு ஏற்றபடி காடு பழகியிருந்தது. ஓரா இரண்டும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒன்று வளர்ந்த பாசியை வெட்டும், மற்றது பாறையோடு ஒட்டியிருக்கும் முளையை வழிக்கும். மரமும் போய் நாற்றும் போனால் காடு எங்கிருந்து வரும்? துருக்கி, கிரேக்கக் கரைகளில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வில், ஓரா மிகுந்த பகுதிகளில் மொத்த உயிரின வகைகளின் எண்ணிக்கை 40 சதவீதம் குறைந்திருந்தது.

“மீன் மேல கோவம் இல்ல. வாய்க்கால வெட்டினது மனுஷன். 2015-ல இன்னும் அகலமாக்கியாச்சு. கடலும் சூடாகிட்டே வருது. அதுக்கு ஊர் மாதிரியே இருக்கு, தங்கிடுச்சு.”

நேற்று பேசியதற்கு வருத்தம் தெரிவிக்க எனக்கு வாய் வரவில்லை. “டீ குடிக்கலாமா” என்றேன். எங்கள் வீட்டில் மன்னிப்புக்கு அதுதான் வார்த்தை. அவளுக்கும் தெரியும்.

திரும்பும் வழியில் ஒரு படகுத்துறையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர், கடித்துக் குதறிய ஓட்டைகளைக் காட்டினார். செய்தது யார் என்று படகுக்குள்ளிருந்து தூக்கிக் காட்டினார்: பேத்தை மீன். அதுவும் அதே கால்வாய் வழியாக வந்ததுதான், 2003-ல் துருக்கியில் முதலில் தென்பட்டது. கொடிய விஷம், விற்கவும் கூடாது. பிடித்துக் கொடுத்தால் அரசாங்கமே காசு தந்து வாங்கி அழிக்கிறது. ஒரே வாசலில் நுழைந்த இருவரில் ஒருவனுக்கு விருந்து மேசை, ஒருவனுக்குச் சூளை.

கடைசி நாள் இரவு மறுபடி சிகிக்குப் போனோம். அந்நியமா இல்லையா என்று கிழவியிடமே கேட்கச் சொன்னேன். அக்கா மகள் தட்டுத்தடுமாறிக் கிரேக்கத்தில் கேட்டாள். அவர் பதில் சொல்லாமல் விலைப்பலகையைக் காட்டினார். சொந்தக் கடல் மீன்கள் சிலவற்றைவிட குர்குனாவுக்கு விலை கூட. நான் இரண்டு தட்டு சொன்னேன். அவள் மூன்று என்று திருத்தினாள்.

சைப்ரஸ் பக்கம் போகிறவர்கள் அங்கே போய் சால்மன் கேட்காதீர்கள். குர்குனா கேளுங்கள், பொரித்தது. ஆளுக்கொரு தட்டாகவே வாங்குங்கள், பங்கு போட வேண்டாம். பாறையில் ஒரு வாய் குறையும்.