கறுப்புப் பொட்டும் பதினோரு குரூப்பும்

2018 ஜனவரி கடைசி. மஸ்கட்ல வெள்ளிக்கிழமை, பேங்க் லீவு. டீயோட உக்காந்திருந்தப்ப அம்மாகிட்ட இருந்து ஒரு போட்டோ வந்துச்சு. எங்க வீட்டு முன்பக்க ஜன்னல். கண்ணாடி மூலையில சின்னதா ஒரு கறுப்புப் பொட்டு. பின்னாடியே வாய்ஸ் மெசேஜ். "மக்ளே, பாத்தியா? நம்ம வீட்டுலயும் ஒட்டியிருக்கானுவ."

அந்த நாட்கள்ல கேரளா முழுக்க இதே பேச்சுதான். வடக்கே இருந்து பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கு, குழந்தை இருக்கிற வீட்டு ஜன்னல்ல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி அடையாளம் வைக்கிறான், ராத்திரி வந்து தூக்கிட்டுப் போறான்னு மலையாளத்துல ஒரு நீளமான மெசேஜ் சுத்திக்கிட்டிருந்துச்சு. அக்கா பிள்ளைங்க ரெண்டு பேரும் அம்மாகூடத்தான் இருக்காங்க. எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

எங்க ஊர் பாறசாலை பக்கம். ரெண்டு கிலோமீட்டர் நடந்தா களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் அந்தப் பக்கம் போச்சு, எங்க நெய்யாற்றின்கரை தாலுகா இந்தப் பக்கமே நின்னுபோச்சு. கோடு போட்டவங்க எங்க சொந்தக்காரங்களைக் கேட்டுப் போடலை. சித்தப்பா மார்த்தாண்டம், அத்தை நெய்யாற்றின்கரை. பள்ளிக்கூடத்துல மலையாளம், வீட்டுல தமிழ். ரெண்டும் ஓடுறதால சொந்தத்துல எவனுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் மொழிபெயர்ப்பு டிபார்ட்மெண்ட் நான்தான். :)

அன்னைக்கும் அதைத்தான் செஞ்சேன். அந்த மலையாள மெசேஜை நல்ல தமிழ்ல, பத்தி பிரிச்சு, "உஷாரா இருங்க" னு கடைசியில ஒரு வரி சொந்தமாவும் சேர்த்து டைப் பண்ணி பதினோரு குரூப்புக்கு அனுப்பினேன். குடும்பம், பி.காம் செட், மார்த்தாண்டம் கசின்ஸ், மஸ்கட் தமிழ் நண்பர்கள்... எல்லாம் முடிய அஞ்சு நிமிஷம் ஆகலை. டீ கூட ஆறலை.

ரெண்டு வாரம் கழிச்சு அம்மா சொன்னாங்க. எங்க ஊருக்கு வருஷா வருஷம் சைக்கிள்ல கம்பளி, பெட்ஷீட் விக்க ஒரு இந்திக்காரர் வருவார். முக்குல அவரை மறிச்சிருக்காங்க. சட்டையைக் கிழிச்சு, மூட்டையை அவுத்துப் போட்டு, ரெண்டு அடியும் விழுந்திருக்கு. டீக்கடைக்காரர்தான் நடுவுல பூந்து கடைக்குள்ள தள்ளி ஷட்டரை இழுத்திருக்கார். அப்புறம் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போய் விட்டுட்டாங்களாம்.

அம்மா இதைச் சொன்ன தொனியில ஒரு பெருமையும் கலந்திருந்ததுதான் கொடுமை. "அவங்க கைல நீ அனுப்பினதுதாம்லே இருந்துச்சு. மஸ்கட்ல பேங்க் ஆபீசர், சும்மா அனுப்புவானான்னு பேசிக்கிட்டானுவ."

போலீஸ் ஏற்கெனவே விசாரிச்சுச் சொல்லியிருந்தாங்க. கண்ணாடி கொண்டுவரும்போது ஒண்ணோட ஒண்ணு உரசாம இருக்க கம்பெனியிலேயே நடுவுல ஒட்டுற ரப்பர் பொட்டு அது. எங்க வீட்டுல புது ஜன்னல் போட்டே நாலு மாசம்தான் ஆகியிருந்துச்சு. கண்ணாடிக்கு பணம் அனுப்பினவன் நான். எனக்கே தோணலை.

அந்த மெசேஜ் எப்படி அவ்வளவு சுத்தமா, ஒண்ணு கூட வழியில தொலையாம போய்ச் சேர்ந்துச்சுன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன். 2001-ல களியக்காவிளை பிரவுசிங் சென்டர்ல யாஹூ சாட்ல உக்காந்த ஆளு நான் (கொசுவத்தி சுத்தறதா நினைக்காதீங்க). பேசிக்கிட்டிருக்கும்போதே அந்துபோகும். பிடிக்காதவனை வெளிய தள்ள "பூட்டர்" னு ஒரு புரோகிராம் வச்சிருப்பானுங்க. நல்லதும் பாதி தொலையும், கெட்டதும் பாதி தொலையும்.

வாட்ஸப் வேற ஜாதி. கீழ் வீட்டு சாப்ட்வேர் தம்பி ஒருநாள் விளக்கினார். அதோட சர்வர் எர்லாங்ங்கற மொழியில எழுதினது. 1980-கள்ல எரிக்சன் கம்பெனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக உருவாக்கினது. ஒரு கால் கட்டானா அந்த ஒண்ணு மட்டும் விழுந்து எழுந்திருக்கணும், எக்ஸ்சேஞ்ச் படுக்கக் கூடாது. ஒரே சர்வர்ல 20 லட்சம் இணைப்பு தாங்குதுன்னு 2012-லயே அந்தக் கம்பெனி சொன்னாங்க. நம்ம மெசேஜ் சர்வருக்குப் போனா ஒரு டிக். எதிராளி போன்ல இறங்கினா ரெண்டு டிக். போன் அணைஞ்சு கிடந்தா 30 நாள் வரைக்கும் சர்வர் வச்சுக் காத்திருக்கும்.

அந்த ரெண்டாவது டிக்கோட அருமை எனக்குத் தெரியும். 2017 நவம்பர் 30, ஒக்கி. பொழியூர்ல என்கூடப் படிச்சவனோட அண்ணன் கடலுக்குப் போயிருந்தார். வீட்டுல எல்லாரும் ஒரு டிக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. மூணாம் நாள் ரெண்டாவது விழுந்துச்சு. எத்தனையோ வீட்டுல விழவே இல்லை. அந்த டிக்கை விழவச்ச அதே மெஷின்தான் ரெண்டு மாசம் கழிச்சு என் பொய்யையும் கொண்டுபோய்ச் சேர்த்துச்சு.

2018 மே மாசம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒண்ணு. அதுல ஒரு வயசான அம்மா குழந்தைங்களுக்கு சாக்லேட் கொடுத்தாங்கன்னு பிள்ளை பிடிக்கிறவங்கன்னு நினைச்சு அடிச்சே கொன்னாங்க. ஜூலை 1-ல மகாராஷ்டிரா துலே மாவட்டத்துல அஞ்சு பேர். அதுக்கப்புறம்தான் வாட்ஸப் அசைஞ்சுது. முதல்ல "ஃபார்வேர்டட்" னு ஒரு லேபிள். ஜூலை 19 வாக்குல இந்தியாவுல ஒரே தடவையில 5 பேருக்கு மேல ஃபார்வேர்டு பண்ண முடியாதுன்னு அறிவிப்பு. (யாஹூ மெசஞ்சரை மூடினதும் அதே வாரம்தான், ஜூலை 17.) வெளிநாட்டு நம்பருக்கு 20. அம்மாவுக்கு 5, எனக்கு 20! 2019 ஜனவரியிலதான் எல்லாருக்கும் அஞ்சாச்சு. கொரோனா சமயம், 2020 ஏப்ரல்ல, பலமுறை கைமாறி வந்த மெசேஜை ஒரு நேரத்துல ஒருத்தருக்குத்தான் அனுப்பலாம்னாங்க. அப்படிப்பட்ட ஃபார்வேர்டு 70 சதவீதம் குறைஞ்சதா அதே மாசம் அவங்களே சொன்னாங்க.

எனக்கு இது சட்டுன்னு புரிஞ்சதுக்குக் காரணம் வேலை. 2016-ல இருந்து மெசேஜ் எல்லாம் பூட்டித்தான் போகுது, சர்வரால படிக்க முடியாது. பேங்க்லயும் கஸ்டமர் எதுக்காகப் பணம் அனுப்பறார்னு மனசைப் படிக்க முடியுமா? ஆனா வேகம் தெரியும். ஒரு கணக்குல இருந்து பத்து நிமிஷத்துல இருபது டிரான்ஸ்ஃபர் போனா மணி அடிக்கும். கிளார்க் என்ட்ரி போட்டாலும் ஆபீசர் பாஸ் பண்ணாம பணம் நகராது. அந்த ரெண்டு நிமிஷத் தாமதத்துல எத்தனை தப்பு மாட்டியிருக்கு தெரியுமா! நல்லவனா இருன்னு கிளார்க்குக்கு கிளாஸ் எடுத்து இதை நடத்த முடியாது. வாட்ஸப்பும் இப்படித்தான். கணக்கு நடந்துக்கிற விதத்தை வச்சே பிடிக்கிறாங்க. 2021 மே 15 முதல் ஜூன் 15 வரைக்கும் ஒரே மாசத்துல இந்தியாவுல மட்டும் 20 லட்சம் கணக்கை முடக்கினதா அறிக்கை கொடுத்தாங்க. பெரும்பாலும் மெஷின் வச்சு மொத்தமா அனுப்பினவங்க.

ஆனா ஒரு ஓட்டை இருக்கு, அது நான். அந்த எண்ணிக்கை ஃபார்வேர்டு பட்டனை அமுக்கினாத்தான் ஏறும். மலையாளத்துல ஆயிரம் கை மாறி வந்ததை நான் தமிழ்ல புதுசா டைப் பண்ணின நிமிஷம் எண்ணிக்கை பூஜ்யம். லேபிள் கிடையாது, லிமிட் கிடையாது, என் சொந்தச் சரக்கு மாதிரி சுத்தமா கிளம்பும். மொழிக் கோட்டைத் தாண்டும்போது புரளிக்குப் புது பாஸ்போர்ட் கிடைக்குது. அதை அடிச்சுக் கொடுக்கிறது எங்களை மாதிரி ரெண்டு மொழிக்காரங்கதான். இப்ப என்கிட்ட "இதைக் கொஞ்சம் தமிழ்ல போடேன்" னு யாராவது கேட்டா, முதல்ல மலையாளப் பேப்பர்ல தேடறேன். இல்லைன்னா போடறதில்லை. கோவிச்சுக்கிட்டவங்க உண்டு. தங்கமணி சைடுல ரெண்டு பேர் குரூப்பை விட்டே போய்ட்டாங்க.

அம்மா வேற வழி கண்டுபிடிச்சிருக்காங்க. ஃபார்வேர்டை சொந்தக் குரல்ல வாசிச்சு வாய்ஸ் மெசேஜா அனுப்புறாங்க. அதை எந்த சர்வர் எண்ணும்?

போன லீவுல வீட்டுல இருந்தப்ப கம்பளிக்காரர் வந்தார். இடையில ரெண்டு வருஷம் எங்க ஊர்ப் பக்கமே வரலையாம். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. அம்மா ஒண்ணும் பேசாம ரெண்டு கம்பளி வாங்கினாங்க, விலை கூட பேசலை. எங்க ஊர் புழுக்கத்துக்கு எவன் கம்பளி போத்துவான்? ரெண்டும் பிரிக்காம பீரோ மேலதான் இருக்கு.