ஜெயித்ததாகச் சொன்னது பொய்

பல வருடங்களாக நண்பர்களிடம் ஒரு பொய்யைச் சொல்லிவந்திருக்கிறேன். 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் நான் கில்லாடி என்பதுதான் அது. 1999-ல் வந்த அந்த ஆட்டத்தைக் கல்லூரிக் காலத்தில் பிரவுசிங் சென்டரில் பழகினேன். வில்லியம் வாலஸ் முதல் பார்பரோசா வரை எல்லாப் போர்களையும் முடித்திருக்கிறேன். முடித்த விதத்தைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. என்டர் தட்டி 'லம்பர்ஜாக்' என்று அடித்தால் மரம் வந்து குவியும். 'ராபின் ஹூட்' என்றால் தங்கம். 'மார்கோ' என்றால் இருண்டு கிடக்கும் வரைபடம் மொத்தமும் திறந்துகொள்ளும். என் வெற்றிகள் அத்தனையும் இந்த சீட் கோடுகள் கொடுத்தவை.

அந்த ஆட்டத்தின் உயிரே பற்றாக்குறையில்தான் இருக்கிறது. ஒரு குடியானவரை உருவாக்க 50 உணவு வேண்டும். அடுத்த யுகத்துக்குப் போக 500 உணவு. அதாவது, யுகம் மாற வேண்டுமென்றால் பத்துக் குடியானவர்களுக்கான சாப்பாட்டை எடுத்துவைக்க வேண்டும். யுகம் மாறும் 130 வினாடிகளுக்கு டவுன் சென்டரில் புது ஆள் யாரும் பிறக்கமாட்டார்கள். சீக்கிரம் போனால் ஆள் பலம் குறையும்; தாமதித்தால் எதிரியின் படை வாசலுக்கு வந்துவிடும். இந்தத் தவிப்புதான் ஆட்டம். இதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ப்ரூஸ் ஷெல்லி, அதற்கு முன் சிட் மையரோடு சேர்ந்து 1991-ன் 'சிவிலைசேஷன்' விளையாட்டில் பணியாற்றியவர். நல்ல விளையாட்டு என்பது சுவாரசியமான முடிவுகளின் தொடர் என்று மையர் சொல்வார். கோடு அடித்த நான் ஒரு முடிவைக்கூட எடுத்ததில்லை. எல்லாமே கைவசம் இருப்பவன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

பொய்யோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன். அந்தப் பொய்யைக் காப்பாற்றப் போய் ஒரு பையனின் ஆட்டத்தையே கெடுத்தேன்.

அக்கா மகன் அப்போது ஏழாம் வகுப்பு. விடுமுறைக்கு வந்தவன் என் கணினியில் இந்த ஆட்டத்தைப் பிடித்துக்கொண்டான். யாரும் சொல்லித் தராமலே காட்டுப்பன்றி வேட்டையைக் கற்றுக்கொண்டான். ஒரு பன்றியில் 340 உணவு கிடைக்கும், ஆட்டில் 100தான். ஆனால் பன்றி திருப்பித் தாக்கும், தனி ஆளைக் கொன்றே போடும். முதலில் ஆட்களைப் பலி கொடுத்துப் பார்த்தான். பிறகு ஒருவனை மட்டும் அனுப்பி அம்பெய்ய வைத்து, அவன் உயிர் தப்பி ஓடிவர, துரத்தி வரும் பன்றியை டவுன் சென்டர் அருகே மற்றவர்கள் சூழ்ந்து வீழ்த்தும்படி செய்தான். எனக்குக் கடைசிவரை தெரியாத வித்தை அது. எனக்குப் பன்றி எதற்கு, உணவுக்கும்தான் கோடு இருந்ததே.

அவன் திணறியது குதிரை வீரர்களிடம். கணினி அனுப்பிய நைட்டுகள் அவன் ஊரைத் திரும்பத் திரும்ப அழித்தார்கள். "மாமா, நீங்க எப்படி இவங்கள அடிச்சீங்க?" என்று கேட்டான். எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவன் கையிலிருந்த மவுஸை வாங்கி, கோடு அடித்து, துப்பாக்கி பொருத்திய காரை வரவழைத்துக் காட்டினேன். மத்திய காலக் கோட்டைக்குள் கார் புகுந்ததைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் நிம்மதி, கேள்வி மறந்துபோனதே என்று. விடுமுறை முடிவதற்குள் ஆட்டத்தை விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "அதுல என்ன மாமா இருக்கு? அடிச்சா எல்லாம் வந்துடுது" என்றான். அந்தப் பதில் இன்றும் என்னை உறுத்துகிறது. தோற்றுத் தோற்றுத் தானாக யோசிக்கத் தொடங்கியிருந்த பிள்ளையிடமிருந்து அந்த யோசனையையே நான் பிடுங்கிக்கொண்டேன்.

2022-ல் இதே ஆட்டத்தில் திராவிடர்கள் சேர்க்கப்பட்டார்கள். ராஜேந்திர சோழன் பெயரில் ஒரு போர்த்தொடரும் வந்தது. அதை மட்டுமாவது நேர்மையாக ஆடுவது என்று உட்கார்ந்தேன். திராவிடர்களுக்கு நைட் படையே கிடையாது. சுருள்வாள் வீரர்கள் உண்டு, யானைகள் உண்டு, நல்ல கப்பல்கள் உண்டு. குதிரைப்படை ஏறி வரும்போது எதை வைத்து நிறுத்துவது என்று நானே மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பலமுறை தோற்ற பிறகுதான் ஈட்டிக்காரர்களைத் திரும்பிப் பார்த்தேன். தனியாகப் பார்த்தால் அற்பமான படை. குதிரைக்கு எதிரே நிறுத்தினால் அதற்குத் தனி வலு உண்டு. ஆடு புலி ஆட்டத்தில் 15 ஆடுகள் சேர்ந்து 3 புலிகளை அசையவிடாமல் கட்டுவது போலத்தான். அன்று குதிரைகள் என் வாசலில் விழுந்தபோது அடைந்த சந்தோஷத்தை, பழைய வெற்றிகள் ஒன்றுகூடத் தந்ததில்லை.

அக்கா மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். இந்த ஆட்டத்துக்கு அவன் திரும்பவேயில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன். தம்பி, அன்று நீ கேட்டபோது மாமாவுக்கு விடை தெரியாது. விடை, ஈட்டிக்காரர்கள். ஒரு நைட்டுக்கு 60 உணவும் 75 தங்கமும் ஆகும்; ஈட்டிக்காரனுக்கு 35 உணவும் 25 மரமும் போதும். அன்று உன்னிடம் இரண்டுமே இருந்தன.